இளைப்பாறுதல் – 9: ஞாயிறு வேலைநாளாக இருந்தபோது

கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே பஸ்ஸில் போய்வந்தவர்களுக்கு யோங் பெங் என்றால் சாப்பாட்டுக்கு நிறுத்தும் ஊர். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். ஆனால் அதைச் சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் பாடுபட்ட தமிழருக்கு ஓய்வு லேசில் கிடைத்ததில்லை. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை; வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் போச்சு. அதை ஓய்வு என்று யார் சொல்வார்கள்?

யோங் பெங் இருக்கும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் 2014 ஜனவரி 1 முதல் வார விடுமுறை வெள்ளி, சனி என்றானது. முஸ்லிம்களின் வெள்ளித் தொழுகைக்கு வசதி என்பது காரணம். அதில் எனக்குக் குறையில்லை. அரசு ஊழியருக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஞாயிறு வேலைநாள். தனியார் நிறுவனங்கள் பலவற்றில் பழையபடி சனி, ஞாயிறு. அப்பாவுக்கு ஞாயிறு லீவு, டீச்சரான அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் வெள்ளி என்று ஒரே வீட்டில் இரண்டு காலண்டர் ஓடியது. சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் வீட்டிலும் இதே கதை. குடும்பமாக ஆராதனைக்குப் போக வேண்டுமென்றால் சனிக்கிழமை, அல்லது வேலை முடிந்த ஞாயிறு மாலை. 2024 முடியும்வரை, 11 ஆண்டு இப்படி.

இது புதுசும் அல்ல. முதல் 300 ஆண்டு கிறிஸ்தவர்களுக்கும் ஞாயிறு லீவு கிடையாது. கி.பி. 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, இவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள் என்று ரோமப் பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். இது உண்மைதானா என்று அறிய அவர் வதைத்து விசாரித்தது இரண்டு அடிமைப் பெண்களை. இருவரும் சபையின் ஊழியக்காரிகள். விடிந்தால் எஜமானன் வீட்டு வேலைக்கு நிற்க வேண்டியவர்கள். 321-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வுநாளாக்கியபோதும் அது நகரத்தாருக்குத்தான். நிலத்தில் உழைப்பவர் தாராளமாக வேலை செய்யலாம் என்று சட்டமே விலக்கு வைத்தது. தோட்டத்து ஆள் அப்போதும் கணக்கில் வரவில்லை.

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளின் சுவரில் மத்தேயு 11:28 தொங்கப் பார்த்திருப்பீர்கள். சுமை சுமப்பவர்களை இயேசு கூப்பிடும் இடம். சட்டம் போட்ட படத்தில் அத்தோடு முடிந்துவிடுகிறது. வேதத்தில் முடிவதில்லை. அடுத்த வசனத்திலேயே அவர் ஒரு நுகத்தை நீட்டுகிறார். அதற்கடுத்த அதிகாரம் ஓய்வுநாள் தகராறில் தொடங்குகிறது: பசித்த சீஷர்கள் கதிர் கொய்து தின்றுவிட்டார்கள்.

இளைப்பாறுதல், ஓய்வுநாள், பசி மூன்றையும் மத்தேயு இப்படி அடுத்தடுத்து வைத்திருக்கும்போது, ‘எல்லாம் மனசில்தான் இருக்கிறது, கிழமை முக்கியமில்லை’ என்று பிரசங்கிப்பவர்களைக் கேட்டால் எனக்குச் சந்தேகம் வரும். அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாளாவது நிச்சயம் லீவு இருக்கும். இருந்தும், பள்ளியும் ஆபீசும் முடிந்த களைப்போடு ஞாயிறு மாலை வந்து உட்கார்ந்தவர்களை அந்த 11 ஆண்டும் எந்த விடுமுறையும் அழைத்துவரவில்லை என்பதையும் மறுக்க முடியவில்லை.

2025 ஜனவரி 1 முதல் ஜொகூரில் மறுபடியும் சனி, ஞாயிறு விடுமுறை. களைத்தவர்களிடம் போய் இயேசு நுகத்தை ஏன் நீட்டினார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.