காக்காப் பெட்டியும் கைபேசிப் படமும்

கான்சாபுரத்துப் பெட்டிக்கடை ஒன்றில், எழுத்தறியாத பாட்டி ஒருவர் தீப்பெட்டி வாங்க வருவதாக வைத்துக்கொள்வோம். "காக்காப் பெட்டி ஒண்ணு குடுப்பா" என்பார். பெட்டியின் மேல் அச்சிட்ட எழுத்துகள் அவருக்குத் தேவையில்லை, படம் போதும். அதே பாட்டி வெளியூரிலுள்ள மகனிடம் பேசப் பேரனின் கைபேசியை வாங்கி, "அந்தப் பச்சையை அமுக்கு" என்கிறார். இரண்டும் ஒரே வேலைதான், மாணவ நண்பர்களே! கைபேசித் திரையில் வரிசையாக நிற்கும் சிறு படங்கள் நம் காலத்துத் தீப்பெட்டிச் சீட்டுகள் எனலாம்.

இந்தக் கலையில் நம் பகுதிக்குப் பழைய அனுபவம் உண்டு. திருவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பின்னர் அங்கே பெருகிய தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. காக்கை, அணில், சேவல் என்று எல்லோருக்கும் தெரிந்த உயிர்கள் சீட்டுகளில் ஏறின. ஒரு படம் எவ்வளவு வலிமையானது என்பதற்கு ஒரு சான்று போதும்: சண்முக நாடாரை மக்கள் 'காக்கா சண்முக நாடார்' என்றே அழைத்தார்கள். மனிதர் பறவைக்குப் பெயர் வைத்தது போக, பறவை மனிதருக்குப் பெயர் வைத்துவிட்டது!

தீப்பெட்டிச் சீட்டு வரைந்த ஓவியருக்குச் சில சென்டிமீட்டர் அகலமாவது கிடைத்தது. செயலிப் படம் வரைபவரின் நிலை இன்னும் நெருக்கடியானது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இப்படத்தின் வழக்கமான அளவு 48 அலகு. ஓர் அலகு என்பது அங்குலத்தில் 160-இல் ஒரு பங்கு. கணக்கிட்டுப் பாருங்கள்: 0.3 அங்குலம், அதாவது 7.6 மில்லிமீட்டர். பெருவிரல் நகத்தைவிடச் சிறியது. நலமான கண்ணால் 30 செ.மீ. தொலைவில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறத்தாழ 0.09 மி.மீ. எனவே அணிலின் முதுகில் மெல்லிய மயிர்களை வரைவது வீண். மூன்று கோடுகளும் தூக்கிய வாலும் இருந்தால் அது அணில்தான். 1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினிக்குப் படங்கள் அமைத்த சூசன் கேர் என்ற பெண்மணி, கட்டம் போட்ட நோட்டில் 32-க்கு 32 சதுரங்களை நிரப்பியும் விட்டும்தான் அவற்றை உருவாக்கினார். நம் வீட்டு வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இந்த வித்தையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

படம் ஒரு பக்கம் இருக்க, பெயருக்கு வருவோம். இராஜபாளையத்திலிருந்து தெற்கே தென்காசிச் சாலையில் சென்றால், தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ என்னும் மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. அந்நிறுவனம் 2021-இல் வெளியிட்ட உரையாடல் செயலியின் பெயர் 'அரட்டை'. நமக்குக் கேட்டவுடனே வேலை புரிந்துவிடும். 2025-இல் அது நாடெங்கும் பரவியபோது, தமிழறியாதவர் நாவுக்கு அப்பெயர் எளிதா என்ற விவாதம் எழுந்தது. என்னைக் கேட்டால், பொருள் தெரியாத எத்தனையோ அயற்பெயர்களை நாம் பழகிக்கொண்டோம். மற்றவர்களும் இதைப் பழகிக்கொள்வார்கள்.

பெயரின் நீளமும் கவனிக்கத்தக்கது. 'தீப்பெட்டி' என்பதில் எழுத்துகள் எத்தனை? ஐந்து என்பீர்கள். கணினியோ உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணி, பத்து என்னும். இடம் போதாவிட்டால் படத்தின் கீழே பெயரின் வால் வெட்டுப்பட்டு, மூன்று புள்ளிகள் மட்டும் நிற்கும்.

இனி போலிகளைப் பற்றி. தீப்பெட்டித் தொழிலில் புகழ்பெற்ற சீட்டைச் சற்றே மாற்றி வெளியிடுவது பழைய தந்திரம். மருந்துத் தொழிலில் இப்படி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. ஒரு மருந்தின் பெயர் 'அம்ருததாரா', மற்றொன்று 'லட்சுமண்தாரா'. பொருள் வேறு, முதற்பாதி வேறு. ஆயினும் சாதாரணமாக வாங்குபவர் பெயரைப் பிரித்து ஆராய்வதில்லை. மங்கலான நினைவோடு மொத்தமாகவே கேட்கிறார். ஆகவே குழப்பம் நேரும் என்று 1962-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கைபேசியில் போலி இன்னும் நுட்பமானது. 2017 நவம்பரில் வாட்ஸ்அப்பின் போலி ஒன்று கூகுளின் செயலிக் கடையிலேயே இடம்பெற்றது. படம் அதேதான். வெளியிட்டவர் பெயரும் எழுத்துக்கு எழுத்து அதேபோலத் தோன்றியது. பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளிக் குறி மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது! மனிதர் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கோ வெவ்வேறு. அகற்றப்படுமுன் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை அது இறக்கிக்கொள்ளப்பட்டது.

தமிழிலும் இத்தகைய இரட்டையர் உண்டு. 'க' என்ற எழுத்துக்கு யூனிகோடு எண் 2965. ஒன்றைக் குறிக்கும் தமிழ் எண்ணுருவான '௧'-க்கு 3047. எத்தனை பேரால் பார்த்துச் சொல்ல முடியும்? 'ஔ' என்பதும், 'ஒ'வையும் 'ள'வையும் அடுத்தடுத்து வைப்பதும் அப்படியே.

வங்கிச் செயலியில் இப்படி ஏமாந்தால் போவது வாழ்நாள் சேமிப்பு. அதனால் வீட்டுப் பெரியவர்களுக்குச் செயலி ஏற்றித் தரும்போது படத்தை மட்டும் நம்பாமல், வெளியிட்டவர் யார், எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்பவற்றையும் பாருங்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொட்டு வங்கிச் செயலியை ஏற்றவே கூடாது. பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு சோதனை செய்து பார்ப்போமா? வரைபடத் தாளில் 48 மி.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரைந்து, உள்ளே சிறு கட்டங்களை மட்டும் நிரப்பி ஓர் அணிலை அமையுங்கள். தாளைச் சுவரில் ஒட்டி, 1.9 மீட்டர் தள்ளி நில்லுங்கள். 30 செ.மீ. தொலைவில் பிடித்த கைபேசிப் படத்தின் அளவாகவே அது இப்போது தோன்றும். தம்பி தங்கையை அழைத்து, அது என்னவென்று கேளுங்கள். அடுத்து வாலை மட்டும் அழித்துவிட்டு, வேறொருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எலி என்று எத்தனை பேர் சொல்கிறார்கள், பார்ப்போம்.