இரவல் கவசமும் ஏவலாளின் உடலும்

புத்தகத்தை இரவல் கொடுத்து இழந்தவர்கள்தான் இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் பாதிப் பேர். மீதிப் பேர் வாங்கிக்கொண்டு திருப்பித் தராதவர்கள். ஆகவே இரவல் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. பொருள் கை மாறுகிறது, உடைமை மாறுவதில்லை. திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கணக்கு இரண்டு பேருடைய நினைவிலும் இருந்தாக வேண்டும். கொடுத்தவர் மறந்தால் அது தானம். வாங்கியவர் மறந்தால் அது களவு.

கணினி விளையாட்டில் இரவல் என்ன ஆகிறது என்பதுதான் இங்கே என் கேள்வி. 'இதெல்லாம் ஒரு விஷயமா?' என்று கேட்கிற நண்பர்கள் இருப்பார்கள். நான் எடுத்துக்கொள்ளும் ஸ்கைரிம் என்ற விளையாட்டு 2011 நவம்பரில் வெளிவந்தது. 2023இல் அது 6 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டதாக அதைத் தயாரித்த பெதஸ்டா நிறுவனத்தின் டாட் ஹோவர்ட் சொன்னார். நாம் முந்நூறு பிரதி அச்சடித்துவிட்டு வாசகனின் இருப்பைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கிறோம். இத்தனை கோடிப் பேர் மணிக்கணக்கில் உள்ளே போய் வாழ்ந்துவிட்டு வருகிற ஒரு பிரதி எந்தவிதமான உடைமை உறவைப் பழக்கப்படுத்துகிறது என்று கேட்பதில் தவறில்லை.

1

விளையாட்டு தெரியாதவர்களுக்காக முதலில் சில விவரங்கள். இந்த விளையாட்டில் ஒருவரைத்தான் நாம் இயக்குகிறோம். மற்ற எல்லாரையும் கணினி இயக்குகிறது. அவர்களில் சிலரை நாம் துணைக்கு அழைத்துப் போகலாம். அதில் பேர்போனவள் லிடியா. வைட்ரன் என்ற ஊரின் சிற்றரசர் பால்க்ரூஃப். 'யார்ல்' என்பது அவரது பட்டம். ஊருக்கு வெளியே காவற்கோபுரத்தைத் தாக்கும் டிராகனைக் கொன்றுவிட்டு வந்தால், அவர் நமக்குத் 'தேயின்' என்று ஒரு பட்டம் தருகிறார். பட்டத்தோடு ஓர் ஆளையும் தருகிறார். அந்த ஆள்தான் லிடியா, நமது 'ஹவுஸ்கார்ல்'. நிலம், மாடு, வீடு தருவது போல ஓர் ஆள். நம் சுமையைச் சுமப்பதாகச் சத்தியம் செய்திருப்பதாக அவளே சொல்கிறாள். அந்தக் குரலில் ஒரு சலிப்பு தொனிக்கும். சத்தியத்தை மீற முடியாது, சலித்துக்கொள்ள முடியும் என்கிற அளவுக்கு அவளுக்குச் சுதந்திரம்.

அவளிடம் பேசி 'பொருள் மாற்றிக்கொள்ள வேண்டும்' என்று சொன்னால் ஒரு பட்டியல் திறக்கும். நம்மிடம் இருப்பதை அவளிடம் போடலாம், போட்டதை எடுக்கலாம். நாம் கொடுக்கிற கவசம் அவளிடம் இருப்பதைவிட மேலானது என்றால் தானாகவே அதை அணிந்துகொள்வாள். வாளும் அப்படியே. மட்டமானதைக் கொடுத்தால் மூட்டையில் சுமப்பாளே தவிர அணியமாட்டாள். இதனால் ஆட்டக்காரர்கள் தாங்கள் அரும்பாடுபட்டு அடித்து மெருகேற்றிய கவசங்களை அவளுக்குக் கொடுக்கிறார்கள். அன்பினால் அல்ல, அவள் விழாமல் நின்றால் நமக்கு நல்லது.

கொடுத்ததை எப்படி இழக்கிறோம்? 'இங்கேயே இரு' என்று நிறுத்திவிட்டு நாம் வேறு எங்காவது போய்விட்டால், விளையாட்டின் காலக்கணக்கில் மூன்று நாள் பார்த்துவிட்டு அவள் கிளம்பிவிடுவாள், நம் பொருளோடு. வேலையிலிருந்து விடுவித்தாலும் அப்படித்தான். திருப்பிக் கேட்காதவரை அவளிடமே இருக்கும். ஆனால் இவை இரண்டும் பெரிய இழப்பில்லை. வைட்ரனில் நமக்கு வீடு இருந்தால் அங்கே, இல்லையேல் யார்லின் அரண்மனையில் அவளைத் தேடிப் பிடித்துக் கேட்டால் கிடைத்துவிடும்.

மூன்றாவது வழி சாவு. சண்டையில் உயிர் குறைந்தால் லிடியா மண்டியிட்டுவிடுவாள். எதிரிகள் பெரும்பாலும் அவளை விட்டுவிட்டு நம் பக்கம் திரும்புவார்கள். கொஞ்ச நேரத்தில் தேறி எழுந்துவிடுவாள். ஆனால் அந்தச் சமயத்தில் நம்முடைய அம்போ தீயோ தவறிப்போய் அவள் மேல் பட்டால் செத்துப்போவாள். இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். எதிரியிடமிருந்து அவளுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு, எஜமானிடமிருந்து கிடையாது.

நான்காவது, பெட்டியில் வைத்து இழப்பது. துணையாளிடமிருந்து வாங்கியதைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து குகையில் கண்ட ஏதோ பெட்டியில் வைத்துவிட்டு வருவார்கள். அந்த இடங்களை விளையாட்டு பத்து நாளுக்கு ஒருமுறை, நாம் முழுக்கச் 'சுத்தம்' செய்துவிட்ட இடமென்றால் முப்பது நாளுக்கு ஒருமுறை, பழையபடி புதுப்பிக்கும். பெரும்பாலான பெட்டிகளில் வைத்தது அப்போது மறைந்துபோகும். விலை கொடுத்து வாங்கிய வீட்டுப் பெட்டிதான் நம்பகமானது. வைட்ரனில் ப்ரீஸ்ஹோம் என்கிற வீடு 5000 பொற்காசு.

ஆகவே நடைமுறை அறிவு இவ்வளவுதான்: கொடுத்ததை எழுதி வைத்துக்கொள், விடுவிப்பதற்கு முன் வாங்கிவிடு, அவள் மண்டியிட்டிருக்கும்போது தீயை ஏவாதே, சொந்த வீட்டில் மட்டும் பூட்டி வை. எனக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்த இளைஞர் இதையே வேறு மாதிரி சொன்னார்: 'தோழர், அவ செத்தா என்ன, வேற ஆள் கெடைக்கும். சாமான் போனாத்தான் கஷ்டம்.'

2

என் லிடியா என் அம்பினால்தான் செத்தாள். ஒரு குகையில் மண்டியிட்டிருந்தாள். குறுக்கே வந்த எதிரியை நான் குறி வைத்தேன், அம்பு தவறியது. எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். உடம்பின் அருகே போய்ப் பட்டியலைத் திறந்து, நான் கொடுத்த கவசத்தையும் கேடயத்தையும் எடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன், நான் கொடுக்காத சில பொருள்களும் அதில் இருந்தன. எஃகுக் கவசமும் காலணியும். முதல் நாள் அவள் வந்து நின்றபோது அணிந்திருந்தவை.

உயிரோடு இருந்தபோது எத்தனையோ தடவை அந்தப் பட்டியலைத் திறந்திருக்கிறேன். அவை ஒருபோதும் தென்பட்டதில்லை. பிறகு விசாரித்ததில் புரிந்தது. ஒவ்வொரு துணையாளுக்கும் நிரல் முதலிலேயே ஓர் உடுப்பைக் கொடுத்திருக்கிறது. பொருள் மாற்றும்போது அது நம் கண்ணில் படாது, எடுக்கவும் முடியாது. செத்த பிறகு தெரியும். எடுக்கலாம். அதாவது அவளுக்கென்று சொந்தமாக இருந்தது நம் பார்வைக்கு மறைக்கப்பட்டிருந்ததால் மட்டுமே அவளுடையதாக இருந்தது. அவள் சாவு அதைப் பார்வைக்குக் கொண்டுவந்ததும் என்னுடையதாகிவிட்டது.

நான் அதையும் எடுத்துக்கொண்டேன். கை தயங்கவே இல்லை. நல்ல விலைக்குப் போகும் என்று மட்டும் தோன்றியது. இரவலை மீட்கப் போன கை பறிப்பதில் போய் முடிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருந்ததாகவே அந்தப் பட்டியல் காட்டவில்லை.

3

இந்த விளையாட்டுக்கு உடைமை பற்றித் தெரியாது என்று சொல்ல முடியாது. நன்றாகத் தெரியும். அடுத்தவர் வீட்டு மேசையில் இருக்கும் ரொட்டித்துண்டின் மேல் பார்வையை வைத்தால் போதும், 'திருடு' என்று சிவப்பு எழுத்தில் காட்டும். திருடிய பொருளின் மேல் அந்த முத்திரை ஒட்டிக்கொண்டே வரும்; சாதாரணக் கடைக்காரர் வாங்கமாட்டார், திருட்டுப் பொருள் வாங்குகிறவரைத் தேடிப் போக வேண்டும். திருட்டுக்கு இவ்வளவு நுணுக்கமான இலக்கணம் வகுத்த நிரலில் இரவலுக்கு ஒரு விதிகூடக் கிடையாது. நான் லிடியாவிடம் கொடுத்த வாளின் மேல் 'இது இன்னாருடையது, இன்னாரிடம் இருக்கிறது' என்ற குறிப்பு எதுவும் இல்லை. கணக்கு முழுக்க என் தலையில்தான். அவளுக்கு அதில் பங்கில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் தொல்காப்பியம் நினைவு வரும். 'ஈ, தா, கொடு' என்ற மூன்று சொற்களையும் கேட்கிறவர் யார் என்பதை வைத்துச் சொல்லதிகாரம் பிரிக்கிறது. தாழ்ந்தவர் கேட்டால் 'ஈ', ஒத்தவர் கேட்டால் 'தா', உயர்ந்தவர் கேட்டால் 'கொடு'. ஏற்றத்தாழ்வைச் சொல்லிலேயே கட்டிவைத்த இலக்கணம் அது. அதைக் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் அது எதையும் மறைக்கவில்லை. ஸ்கைரிமில் நாம் சொல்வது 'கொடு' அல்ல, 'மாற்றிக்கொள்வோம்'. இருவர் சமமாக உட்கார்ந்து பேரம் பேசுவது போன்ற சொல். பேரத்தில் ஒரு தரப்புக்கு மறுக்கும் வாய்ப்பு கிடையாது என்பதை அந்தச் சொல் மூடிவிடுகிறது.

இன்னொன்று. பெட்டியைத் திறந்தாலும், பிணத்தைத் திறந்தாலும், துணையாளிடம் 'மாற்றிக்கொள்வோம்' என்றாலும் திரையில் விரிகிற பட்டியல் ஒரே அமைப்பு. பெட்டி, பிணம், ஏவலாள் மூன்றும் பொருள் வைக்கிற இடங்கள். இது நிரல் எழுதுகிறவருக்கு வசதி. ஆனால் வசதியும் ஒரு கருத்தியல்தான்.

வேறு வழியே இல்லை என்பதல்ல. 1998இல் வெளிவந்த, பயோவேர் நிறுவனம் உருவாக்கிய பால்டர்ஸ் கேட் விளையாட்டில் துணைவர்களுக்கு நம் நடத்தை மேல் அபிப்பிராயம் உண்டு. நம் பெயர் கெட்டுப்போனால் நல்லவர்கள் முறைப்பார்கள், பெயர் ரொம்ப நன்றாக இருந்தால் தீயவர்கள் எரிச்சலடைவார்கள். எல்லை தாண்டினால் கிளம்பிவிடுவார்கள், கையில் இருக்கும் பொருளோடு. ஆட்டக்காரர்கள் இதை நஷ்டம் என்கிறார்கள். முன்கூட்டியே உருவி வைத்துக்கொள் என்று ஒருவருக்கொருவர் புத்தி சொல்லிக்கொள்கிறார்கள். வேலையை விட்டுப் போகிறவரிடம் சீருடை, அடையாள அட்டை, கருவி எல்லாவற்றையும் முதலில் வாங்கிக்கொண்டு பிறகு கணக்கை முடிக்கிற நிர்வாகத்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதே புத்திதான் இதுவும்.

4

'தேயின்', 'ஹவுஸ்கார்ல்' என்ற சொற்கள் கற்பனையில் முளைத்தவை அல்ல. முன்னது பழைய ஆங்கிலச் சொல், அரசனுக்குச் சேவை செய்யும் மேன்மகன். பின்னது வட ஐரோப்பியச் சொல், தலைவனின் வீட்டுப் படையாள். இங்கிலாந்தில் அது 1016 முதல் 1035 வரை ஆண்ட டென்மார்க்கியரான கனூட் மன்னரின் காலத்தோடு ஒட்டியது. இரவல் கவசம் என்கிற பிரச்சினையும் அந்த உலகத்துக்குச் சொந்தமானதுதான். அதற்கு அங்கே ஒரு சட்டமே இருந்தது.

அதன் பெயர் ஹெரியட். பழைய ஆங்கிலத்தில் 'போர்க்கருவி' என்று பொருள். தலைவன் தன் ஆளுக்குக் குதிரையும் ஆயுதமும் கொடுப்பான். ஆள் செத்தால் அவை தலைவனிடம் திரும்ப வேண்டும். நாளடைவில் இது இறந்தவனின் குடும்பம் கட்ட வேண்டிய நிலையான கடனாக மாறியது. கனூட்டின் சட்டத்தில் தரவாரியாகப் பட்டியல் இருக்கிறது. 'ஏர்ல்' எனப்பட்ட பெருந்தலைவன் செத்தால் 8 குதிரைகள் (அவற்றில் 4 சேணத்தோடு), 4 தலைக்கவசம், 4 சங்கிலிக்கவசம், 8 ஈட்டி, 8 கேடயம், 4 வாள், 200 மன்கஸ் பொன். இரவல் கணக்கை இவ்வளவு துல்லியமாக எழுதிவைத்த அதே சட்டம் ஒரு விலக்கையும் எழுதியது: போரில் தன் தலைவனின் முன்னால் விழுந்து சாகிறவனுக்கு ஹெரியட் கிடையாது. அவன் வாரிசுகள் எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டாம். சாவே கடனைத் தீர்த்துவிட்டது என்று அர்த்தம்.

பிற்கால வரலாறு இதற்கு நேர்மாறானது. நார்மன் வெற்றிக்குப் பிறகு ஹெரியட் படையாளை விட்டுப் பண்ணைக் குடியானவன் மேல் இறங்கியது. தலைவன் அவனுக்கு வாளும் கொடுக்கவில்லை, குதிரையும் கொடுக்கவில்லை. ஆனாலும் அவன் செத்ததும் அவன் வீட்டின் ஆகச் சிறந்த மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போனான். கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற உரிமை, கொடுக்காததையும் எடுக்கிற உரிமையாக வளர்ந்துவிட்டது. எழவு வீட்டில் மாட்டை அவிழ்க்கிற இந்த வழக்கத்தை ஒழிக்க 1922ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம் வர வேண்டியிருந்தது.

ஸ்கைரிம் கனூட் காலத்துச் சொற்களை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்து விலக்கை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குகையில் என் கை செய்தது கனூட்டின் சட்டப்படி அல்ல, அந்தப் பிற்காலப் பிரபுவின் வழக்கப்படி.

5

'லிடியா ஓர் ஆளே இல்லை, வெறும் நிரல். அவளுக்கு என்ன உடைமை, என்ன உரிமை?' என்று கேட்கலாம். சரியான கேள்வி. நான் அவளுக்காக வழக்காடவில்லை. அவளுக்கு இழப்பு எதுவும் இல்லை. பழகிப்போவது நம் கைதான். ஆறு கோடிப் பிரதிகளில் திரும்பத் திரும்ப நடக்கிற ஒரு சின்ன அசைவு அது: ஆள் விழுகிறாள், பட்டியல் திறக்கிறது, எல்லாவற்றையும் எடு. எது நான் கொடுத்தது, எது அவளுடையது என்று பிரித்துப் பார்க்க அந்த அசைவில் இடமில்லை. இரவலின் கணக்கு கொடுத்தவரிடம் மட்டும் இருக்கும்போது 'என் பொருளைப் பாதுகாக்கிறேன்' என்ற சொல் எதுவரைக்கும் நீளும் என்பதற்கு வரம்பு கிடையாது. அடகுக்கடையிலும் குத்தகை நிலத்திலும் நாம் கண்டது இதைத்தான். கணக்குப் புத்தகம் ஒருவர் கையில் மட்டும் இருந்தால் கடைசியில் அவர் எழுதியதுதான் கணக்கு.

எனவே இப்போது விளையாடும்போது எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன். கொடுப்பதை ஒரு தாளில் எழுதிவைக்கிறேன். அது என் கவசத்தைக் காப்பாற்றுவதற்கு மட்டுமல்ல. எது என்னுடையது அல்ல என்பதும் அதில் தெரிகிறது. துணையாளை விடுவிக்கும்போது தாளில் இருப்பதை மட்டும் திரும்ப வாங்குகிறேன். செத்துப்போனால் எதையும் எடுப்பதில்லை.

என் இளம் நண்பருக்கு இது பைத்தியக்காரத்தனம். 'அந்த எஃகுக் கவசத்தை வித்திருந்தா நல்ல காசு கெடைச்சிருக்குமே, தோழர்' என்றார். கிடைத்திருக்கும்தான்.