அட்டைப்பெட்டிக் கணிப்பொறியும் 'பயனர்' என்கிற சொல்லாடலும்

யாருக்கு யார் அனுபவம் செஞ்சு கொடுக்கிறது? 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற சொல்லைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு எழுகிற கேள்வி இதுதான். 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த டொனால்ட் நார்மன் தன் பதவிப் பெயரிலேயே இச்சொல்லை வைத்துக்கொண்டார். பிறகு டிசைன் குழுக்களை நடத்துவோருக்கான நெறிகள் மழைக்காளானாய் முளைத்தன. பயனரைக் கவனி, பயனரை நேசி, பயனரின் வலியை உணர். நல்லதுதான். ஆனால் இவ்வாக்கியங்களின் இலக்கணத்தைப் பாருங்கள். பயனர் எப்போதும் செயப்படுபொருள். எழுவாய் வடிவமைப்பவர்.

இந்த இலக்கணத்தைக் கலைத்துப் பார்த்த வரலாறு ஒன்று ஸ்காண்டிநேவியாவில் உண்டு. சிமுலா என்ற கணிப்பொறி மொழியை ஓலெ-யோஹான் டாலோடு சேர்ந்து உருவாக்கிய நார்வேக்காரர் கிரிஸ்டன் நைகார்ட், 1970களின் தொடக்கத்தில் இரும்பு மற்றும் உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு வேலைசெய்தார். ஆய்வாளர்கள் ஆராய்வது, அறிக்கை எழுதுவது என்றுதான் முதல் திட்டம். அறிக்கையை யார் படிக்கப்போறாங்க? திட்டத்தையே திருப்பிப் போட்டார்கள். ஆய்வின் 'முடிவு' என்பது அறிக்கை அல்ல, சங்கமும் அதன் கிளைகளும் எடுக்கிற நடவடிக்கையே என்று வரையறுத்தார்கள். குழுவை நடத்துபவருக்கு இதைவிடக் கறாரான நெறியை நான் வாசித்ததில்லை. 1975இல் நார்வேயில் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் கூட்டமைப்பும் செய்துகொண்ட ஒப்பந்தம், வேலையிடத்துக்கு வரும் கணிப்பொறி அமைப்புகள் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தொழிலாளருக்குத் தந்தது.

அடுத்து யுடோப்பியா திட்டம். 1981 முதல் 1985 வரை, நார்டிக் அச்சுத்தொழிலாளர் சங்கங்களோடு சுவீடன், டென்மார்க் ஆய்வாளர்கள் செய்தது. ஈய எழுத்துப் போய் திரை வருகிற காலம். பக்கம் கட்டுகிறவரின் கைத்திறனைத் தின்னாமல் அதற்குக் கருவியாகிற கணிப்பொறி வேண்டும் என்பது நோக்கம். ஆய்வாளர்கள் முதலில் வரைபடமும் விவரணையுமாகக் கொடுத்தார்கள். தொழிலாளர்களுக்கு அதில் பேச ஒன்றுமில்லை. அது ஆய்வாளர்களின் பாஷை. அப்புறம் ஒட்டுப்பலகை, காகிதம், அட்டை, சிலைடு புரொஜக்டர் வைத்துப் பொய்க்கணிப்பொறி ஒன்றைச் செய்தார்கள். லேசர் பிரிண்டர் என்று எழுதி ஒட்டிய வெறும் அட்டைப்பெட்டியும் அதில் உண்டு. அதன்முன் உட்கார்ந்து பக்கம் கட்டிப் பார்த்தபோதுதான் பேச்சு வந்தது: 'இது இங்க இருக்கக் கூடாது', 'இவ்வளவு சின்னதா எப்படிப் பார்க்கிறது' என்கிற ரகப் பேச்சு. அட்டையை வெட்டி ஒட்ட யாருக்கும் பயமில்லை. மென்பொருளைத் தொடத்தான் பயம். திட்டத்தில் இருந்த பெல்லெ ஏன், 1988இல் வந்த தன் நூலில், விட்கென்ஸ்டைனின் மொழி விளையாட்டு என்ற கருத்தை வைத்து இதை விளக்குகிறார். இரண்டு விளையாட்டுகள் சந்திக்க ஒரு பொருள் வேண்டியிருந்தது. (கம்போசிங் ஸ்டிக்கும் கையுமாகப் பக்கம் கட்டிய சிறுபத்திரிகைக்காரருக்கு இது தத்துவமே வேண்டாமல் புரியும்.) அதே தொழிலில் லண்டன் வாப்பிங்கில் 1986இல் நடந்தது வேறு: மர்டாக்கின் நிறுவனம் வேலைநிறுத்தம் செய்த 5,000க்கும் மேற்பட்டோரை வேலைநீக்கியது.

இதைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. 'திறன்' யாருடையது? லண்டன் அச்சுக்கோர்ப்பாளர்களைப் பற்றி 1983இல் சிந்தியா காக்பர்ன் எழுதிய 'பிரதர்ஸ்' நூல், அத்திறன் எப்படி ஆண்மையோடு பின்னிக்கிடந்தது, பெண்கள் எப்படித் தலைமுறைகளாக வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்று காட்டுகிறது. சங்கத்தைக் கூப்பிட்டாச்சு, ஜனநாயகம் வந்தாச்சு என்று சொல்ல முடியாது. சங்கத்துக்குள்ளும் விளிம்பு இருக்கிறது.

இன்று உணவு கொண்டுபோகிறவரின் கையிலிருக்கும் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். அனுபவம் என்று அங்கே பேசப்படுவது பெரும்பாலும் சாப்பாடு வரவழைப்பவருடையது. அவர் திரையில் வண்டிக்காரர் நகர்கிற புள்ளி. எந்த ஆர்டர் யாருக்கு, எவ்வளவு கூலி என்று முடிவுசெய்கிற பகுதி இருவர் கண்ணிலும் படாது. அதற்கொரு அட்டைமாதிரி செய்து, வண்டிக்காரர்கள் முன்னால் வைத்து, வெட்டி ஒட்டுங்க என்று கத்தரியைக் கொடுக்கிற குழுத்தலைவர் யார்?