கொவிட் போய்விட்டது, 'மூளை மூட்டம்' போகவில்லையா?

"ஏதோ சொல்ல வந்தேன்... மறந்துபோச்சு!"

ஒரே பத்தியை மூன்று தடவை படித்தாலும் மனத்தில் நிற்பதில்லை. நன்றாகத் தெரிந்த சொல்தான், ஆனால் வாயில் வரமாட்டேங்குது.

கொவிட்-19 வந்துபோன பிறகு இப்படி உணர்ந்தவர்கள் பலர். இதைத்தான் 'மூளை மூட்டம்' என்கிறார்கள். புகைமூட்ட நாளில் எதிர் புளோக் மங்கலாகத் தெரியுமே, அதுபோல யோசனை மங்கிப்போகும் நிலை.

வீட்டில் சொன்னால், "எப்பப் பார்த்தாலும் கைபேசி, அதான் மறதி" என்று பதில் வரலாம்.

உண்மையில் இது சோம்பேறித்தனமா? இல்லை, மூளையில் ஏதாவது மாறுகிறதா?

மூளையில் மாற்றம் தெரிகிறதா?

தெரிகிறது. பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வுத் திட்டத்திற்காகக் கொவிட் பரவலுக்கு முன்பே பலரின் மூளை ஸ்கேன் செய்யப்பட்டிருந்தது. அவர்களில் 785 பேரின் மூளை மறுபடியும் ஸ்கேன் செய்யப்பட்டது. 51 வயதுக்கும் 81 வயதுக்கும் இடைப்பட்ட அவர்களில் 401 பேருக்கு இடையில் கொவிட் தொற்றியிருந்தது.

ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு ஸ்கேன்களையும் ஒப்பிட்டு, 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். வாசனை, நினைவாற்றல் ஆகியவற்றுடன் தொடர்புடைய பகுதிகள், தொற்றியவர்களிடம் கூடுதலாகச் சுருங்கியிருந்தன. கூடுதல் இழப்பு 0.2 முதல் 2 விழுக்காடு வரை. அவர்களில் பெரும்பாலோருக்கு லேசான பாதிப்புதான் இருந்தது.

இந்த ஆய்வில் இளையர்கள் இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

யோசிக்கும் திறன் எவ்வளவு குறைகிறது?

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் சுமார் 113,000 பேருக்கு இணையம்வழி சோதனைகள் நடத்தினர். முடிவுகள் 2024இல் வெளிவந்தன. சராசரி 100 என்று வைக்கப்படும் ஐகியூ அளவில் பார்த்தால், கொவிட் தொற்றாதவர்களைவிட:

• முழுமையாகக் குணமடைந்தவர்கள்: சுமார் 3 புள்ளி குறைவு

• 12 வாரங்களுக்குப் பிறகும் அறிகுறிகள் நீடித்தவர்கள்: சுமார் 6 புள்ளி குறைவு

• தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள்: சுமார் 9 புள்ளி குறைவு

அப்படியென்றால் உங்களுக்கும் 3 புள்ளி போய்விட்டதா? அப்படி எடுத்துக்கொள்ளக்கூடாது. அது பெரிய கூட்டத்தின் சராசரி. தொற்றுக்கு முன்னர் இதே சோதனை அவர்களுக்கு நடத்தப்படவும் இல்லை.

நல்ல செய்தியும் உண்டு. நீண்டநாள் அறிகுறிகள் இருந்து, பிறகு மறைந்தவர்களின் மதிப்பெண், விரைவாகக் குணமடைந்தவர்களின் மதிப்பெண்ணுக்கு இணையாகவே இருந்தது.

ஏன் இப்படி ஆகிறது?

ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. கிருமியை எதிர்க்க உடல் தொடங்கும் அழற்சி, தொற்று போன பிறகும் அடங்காமல் இருக்கலாம்.

மூளைக்கு ஒரு 'காவல்காரர்' உண்டு. ரத்தத்தில் உள்ள தேவையற்ற பொருள்கள் மூளைக்குள் நுழையாமல் தடுக்கும் ரத்த நாளச் சுவர்தான் அது. மூளை மூட்டம் இருந்தவர்களிடம் அந்தத் தடுப்பில் கசிவு இருந்ததை டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2024இல் காட்டினர்.

அதாவது, "எல்லாம் உன் கற்பனை" என்று ஒதுக்கிவிடக்கூடிய விஷயம் அல்ல இது.

மறதி என்றாலே கொவிட்தானா?

இல்லை. தூக்கமின்மை, மனவுளைச்சல், ரத்தசோகை, தைராய்டு கோளாறு ஆகியவையும் இதே மந்தத்தைக் கொடுக்கும். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. அதனால்தான் நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவரைப் பார்ப்பது முக்கியம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

மூளை மூட்டத்தை உடனே நீக்கும் மாத்திரை இல்லை. ஆனால் இவற்றைச் செய்து பார்க்கலாம்:

• எப்போது தொடங்கியது, எதைச் செய்தால் மோசமாகிறது என்று குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

• பெரிய வேலையைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து, நடுவே ஓய்வெடுங்கள்.

• உடற்பயிற்சிக்கு மறுநாள் ரொம்ப அசதியாக இருந்தால் வேகத்தைக் குறையுங்கள். "தாங்கிக்கலாம்" என்று தொடர வேண்டாம்.

• பள்ளியிலோ வேலையிடத்திலோ நம்பகமான ஒருவரிடம் நிலைமையைச் சொல்லிவையுங்கள்.

திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை பலவீனமானாலோ அது மூளை மூட்டம் அல்ல, பக்கவாதமாக இருக்கலாம். உடனே 995ஐ அழையுங்கள்.

வீட்டில் யாராவது "முன்னமாதிரி யோசிக்க முடியலை" என்று சொன்னால், கைபேசியைக் குறைசொல்லும் முன்னர் ஒரு கேள்வி கேளுங்கள்: "எப்போதிலிருந்து?" மருத்துவரும் முதலில் அதைத்தான் கேட்பார்.