ஜேர்மனியின் ஆய்வுக் கதவுகளும் எமது பட்டதாரிகளும்

ஜேர்மனி என்றதும் குடாநாட்டு மக்களின் நினைவுக்கு வருவது, 1980களில் அங்கு அகதிகளாகச் சென்ற எமது உறவுகளே. கடன்பட்டும் காணியை ஈடுவைத்தும் முகவர்களுக்குப் பணம் கொடுத்த கதைகள் இங்கு ஏராளம். எனினும் விஞ்ஞானப் பட்டதாரிகளுக்கு முகவர் தேவைப்படாத நேர்வழி ஒன்று உண்டு. அதனை எமது தமிழ், முஸ்லிம் மாணவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

ஜேர்மனியில் விஞ்ஞானத் துறைகளில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர் பெரும்பாலும் சம்பளம் பெறும் ஊழியராவார். முழுச் சம்பளத்தின் அரைப்பங்கோ மூன்றில் இரு பங்கோ வழங்கப்படுவது வழமை. கற்கைக் கட்டணம் பொதுவாக இல்லை. வெற்றிடங்கள் வேலைவாய்ப்புகளைப் போன்றே விளம்பரப்படுத்தப்படுகின்றன.

இதற்கு வழிகள் மூன்று. முதலாவது, பேராசிரியர் ஒருவரை நேரடியாக அணுகி அவரது மேற்பார்வையைப் பெறுவது. இரண்டாவது, மக்ஸ் பிளாங் சங்கம் 2000ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகங்களுடன் இணைந்து நடத்திவரும் சர்வதேச ஆய்வுப் பள்ளிகள் போன்றவற்றுக்கு விண்ணப்பிப்பது. பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகமே. மூன்றாவது, 1925இல் தோன்றிய ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் புலமைப்பரிசில். இதற்கு இறுதிப் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேற்படாதிருத்தல் பொதுவான நிபந்தனையாகும்.

பெரும்பாலும் முதுமாணிப் பட்டம் கோரப்படும். நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தை மட்டும் கொண்டவர்களைச் சில ஆய்வுப் பள்ளிகளே ஏற்கின்றன. ஆய்வுகூடங்கள் பலவற்றில் ஆங்கிலமே போதுமானது.

ஒரே கடிதத்தை நூறு பேராசிரியர்களுக்கு அனுப்புவதில் பயனில்லை. அவரது ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, தமது ஆய்வு அதனுடன் எவ்வாறு பொருந்துகிறது என்பதை ஒரு பக்கத்தில் விளக்க வேண்டும். வற்றாத ஆறு எதுவுமற்ற எமது குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரையே நம்பியுள்ளது. விவசாயப் பகுதிக் கிணறுகளில் உரத்தால் நைத்திரேற்று சேர்வது இங்கு நீண்டகாலப் பிரச்சினை. அதனை ஆய்ந்த மாணவருக்கு, நிலத்தடி நீரை ஆராயும் லைப்சிக் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுற்றாடல் ஆய்வு நிலையம் போன்றவற்றிடம் சொல்வதற்கு விடயம் உண்டு.

இப்பதவிகள் நிரந்தரமானவை அல்ல என்பதையும் மறத்தலாகாது. கலாநிதிப் பட்டத்துக்கு முன்னர் இத்தகைய தற்காலிக ஒப்பந்தங்களுக்குச் சட்டம் விதிக்கும் பொது எல்லை ஆறு ஆண்டுகளே. அதேவேளை, ஆய்வுப் பதவி பெற்றுத் தருவதாகக் கூறிப் பெருந்தொகை கேட்பவர்களை நம்பவும் கூடாது. பதவியை எந்த நிறுவனமும் விலைக்கு விற்பதில்லை.

யுத்தமும் இடப்பெயர்வும் எமது பிள்ளைகளின் ஆண்டுகள் பலவற்றைப் பறித்தன. அறியாமையால் மேலும் சில ஆண்டுகள் வீணாகக் கூடாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் இவ்வழிகளை இறுதியாண்டுக்கு முன்னரே மாணவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.