உருகுறதுக்கு முன்னாடியே தோத்துப்போகும் பிளாஸ்டிக்

இன்னைக்கு எபிசோடுக்கான பொருள் உங்க பக்கத்திலேயே இருக்கும்: கடையில வாங்குற தண்ணி பாட்டில். அதுல கொதிக்கிற தண்ணியை ஊத்தினா அப்படியே சுருங்கி, கோணிக்கிட்டு நிக்கும். (வீட்டுல முயற்சி பண்ணாதீங்க, கை வெந்துடும்.)

இதுல ஒரு புதிர் இருக்கு. அந்த பாட்டில் பெட் என்கிற பிளாஸ்டிக்கால் ஆனது. பெட் உருகுறது கிட்டத்தட்ட 250 டிகிரி செல்சியஸில். தண்ணி கொதிக்கிறதோ 100 டிகிரியில். இன்னும் 150 டிகிரி மிச்சம் இருக்கே, பாட்டில் ஏன் அதுக்குள்ள கைவிட்டுடுச்சு?

பிளாஸ்டிக் எல்லாமே பாலிமர். அதாவது, இடியாப்பம் மாதிரி சிக்கிக்கிடக்குற நீளமான மூலக்கூறு சங்கிலிகள். குளிர்ச்சியா இருக்கும்போது அந்தச் சங்கிலிகள் நகர முடியாது, பொருள் விறைப்பா இருக்கும். பெட்டுக்கு சுமார் 75 டிகிரி வந்ததும் சங்கிலிகளின் துண்டுகள் அசைய ஆரம்பிக்கும். பொருள் உருகல, ஆனா இளகிடுச்சு. இதுதான் கிளாஸ் டிரான்சிஷன்.

சரி, இளகினா தொய்ஞ்சுதானே போகணும், ஏன் சுருங்குது? டெஸ்ட் டியூப் மாதிரி இருக்குற சின்னக் குழாயைச் சூடாக்கி, இழுத்து, காத்து ஊதித்தான் இந்த பாட்டிலைச் செய்றாங்க. இழுபட்ட சங்கிலிகள் அப்படியே குளிர்ந்து உறைஞ்சிடும். மறுபடி சூடு பட்டதும் பழைய சுருளுக்கே திரும்பப் பார்க்கும்.

இதை லேப்ல எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? முக்கியமா ரெண்டு கருவிகள்.

முதலாவது டி.எஸ்.சி. சில மில்லிகிராம் பிளாஸ்டிக்கை ஒரு குட்டி அலுமினியத் தட்டுல வைப்பாங்க, பக்கத்துல ஒரு காலித் தட்டு. ரெண்டையும் ஒரே வேகத்துல, உதாரணமா நிமிஷத்துக்கு 10 டிகிரி, சூடாக்கி, எதுக்கு எவ்வளவு கூடுதல் வெப்பம் தேவைப்படுதுன்னு பார்ப்பாங்க. நம்ம பாஷையில சொன்னா, பேஸ்லைனோட ஒரு டிஃப் எடுக்குறாங்க. கிளாஸ் டிரான்சிஷன் அதுல ஒரு சின்னப் படியாத்தான் தெரியும். உருகுறது பெரிய சிகரமா தெரியும்.

ரெண்டாவது டி.எம்.ஏ. இது பிளாஸ்டிக் துண்டைப் பிடிச்சு லேசா ஆட்டிக்கிட்டே சூடேத்தும், விறைப்பை அளந்துக்கிட்டே இருக்கும். டி.எஸ்.சி.யில் சின்னப் படியா தெரிஞ்ச அதே இடம் இங்க ஒரு செங்குத்துப் பள்ளம். படிகம் இல்லாத பிளாஸ்டிக்கா இருந்தா விறைப்பு நூறில் ஒரு பங்குக்கும் கீழே போயிடும். வெப்பக் கணக்குல சின்ன மாற்றம், பலத்துல பெரிய வீழ்ச்சி. அதனாலதான் ஒரு கருவி மட்டும் போதாது.

இப்போ உங்க சாம்பார் பார்சலுக்கு வருவோம். அந்த டப்பா பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அடியில முக்கோணத்துக்குள்ள 5-னு போட்டிருக்கும். அது இளகுற புள்ளி கிட்டத்தட்ட 0 டிகிரி. ஆமா, நம்ம ரூம்ல இருக்கும்போதே அதைத் தாண்டிடுச்சு! ஆனாலும் சாம்பாரைத் தாங்குது. காரணம், உள்ளே சங்கிலிகள் ஒழுங்கா அடுக்கிய படிகங்கள் இருக்கு, அவை 160 டிகிரி வரைக்கும் பிடிச்சு வைக்கும். அதே டப்பாவை ஃப்ரீசர்ல வெச்சு எடுத்துக் கீழே போட்டா விரிசல் விடலாம். குளிர்ல சங்கிலிகள் உறைஞ்சுடுதே!

ஓவன்ல வைக்கிற சில கறுப்பு டிரேக்களும் பெட்தான். வேணும்னே படிகமாக்கிச் செஞ்சது. பேர் ஒண்ணு, செஞ்ச விதம் வேற, தாங்குற சூடும் வேற.

த்ரீடி பிரிண்டர் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: பி.எல்.ஏ. உருகுறது 170 டிகிரிக்குப் பக்கத்துல, இளகுறதோ சுமார் 60லயே. வெயில்ல நிறுத்தின காரோட டாஷ்போர்டு அந்தச் சூட்டை எட்டிடும். போன் ஹோல்டரை அதுல பிரிண்ட் பண்ணாதீங்க.

அதனால, ஒரு பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை டிகிரியில உருகும்னு மட்டும் பார்க்காதீங்க. எத்தனை டிகிரியில இளகும், அப்போ அதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே படிகம் இருக்கா? இந்த ரெண்டையும் கேளுங்க.