ஸ்டியரிங் ஆடினால் உடனே டாம்பரை மாத்தாதீங்கோ



பழைய ஃபோர்-பை-ஃபோர் வாங்குவது பற்றி இந்த எபிசோட்டில் கதைச்சோம். நேரம் காணாமல் விட்டது ஸ்டியரிங். எஞ்சின் நின்றால் நீங்கள் ரோட்டோரம் நிற்பீர்கள், அவ்வளவுதான். 401ல் ஸ்டியரிங் கைவிட்டால் பக்கத்து லேனில் போகிற குடும்பத்துக்கும் ஆபத்து. அதனால் இதை எழுத்தில் முழுசாகச் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே. 1984 முதல் 2001 வரை வந்த, பெட்டி மாதிரி இருக்கிற மாடல். என்னிடம் இருப்பது 1998. இதன் முன் அச்சு ஒரே துண்டு; இரண்டு முன் சில்லும் அதன் இரு முனையில் இருக்கு. லாண்ட் க்ரூசர் 80, பழைய டிஃபெண்டர் எல்லாவற்றுக்கும் முன் அச்சு இப்படித்தான். ஆகவே கீழே சொல்வதில் பெரும்பாலானது அவற்றுக்கும் பொருந்தும்.

என்ன பிழை எண்டு முதல்ல பிரியுங்கோ

"ஸ்டியரிங் சரியில்லை" எண்டு சொல்வது "கம்ப்யூட்டர் வேலை செய்யேல்ல" எண்டு சொல்வது மாதிரி. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பொதுவாக நாலு வகை:

- நேர் ரோட்டில் வண்டி அலையுது, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் உடனே கேட்குதில்லை: எங்கேயோ லூஸ்.
- ஒரு பக்கம் இழுக்குது: டயர் காற்று, அலைன்மெண்ட், அல்லது பிடித்தபடி விடாமல் நிற்கிற பிரேக் காலிப்பர்.
- திருப்பவே கஷ்டம்: பவர் ஸ்டியரிங் எண்ணெய் குறைவு, பெல்ட் வழுக்கல், அல்லது குளிர்கால ரோட்டு உப்பில் துருப்பிடித்து இறுகின யூ-ஜாயிண்ட்.
- 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் விழுந்ததும் முன் பக்கம் முழுக்க பயங்கரமாக நடுங்குது. வேகம் குறைத்தால்தான் நிற்குது. இதைத்தான் "டெத் வாபிள்" என்பார்கள்.

கடைசியாகச் சொன்னது ஓடும்போது வந்தால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, காலை எடுத்து, மெதுவாக வேகம் குறைத்து ஓரம் கட்டுங்கோ. அதோடு வீட்டுக்கு ஓடிப் போகலாம் எண்டு நினைக்காதீங்கோ.

சில்லு ஏன் இப்படி ஆடுது?

225/75 அளவு 15 இஞ்ச் டயரின் சுற்றளவு கிட்டத்தட்ட 2.26 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு செக்கனில் ஏறக்குறைய 10 தடவை சுற்றும். டயரில் பாலன்ஸ் பிழை இருந்தால் செக்கனுக்கு 10 அடி. எல்லாம் இறுக்கமாக இருந்தால் இரும்பு அந்த அடியைத் தாங்கும். ஒரு இடம் லூஸாக இருந்தால் சில்லு ஆட இடம் கிடைக்குது. இரண்டு சில்லும் தடிகளால் இணைந்திருப்பதால் ஒன்று ஆட மற்றதும் ஆடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளத் தள்ள உயரப் போகிற மாதிரி, ஆட்டம் கூடிக்கொண்டே போகும்.

டாம்பர் எண்டது ஷாக் அப்சார்பர் மாதிரி ஒரு சின்ன உருளை. புதுசு போட்டால் நடுக்கம் கொஞ்ச நாள் அடங்கலாம். ஆனால் லூஸ் அப்படியே இருக்கும், இன்னும் தேயும். எரர் மெசேஜை மறைத்துவிட்டு பக் சரி எண்டு சொல்கிற கதைதான். எனக்கு இரண்டு கராஜில் டாம்பரை மாத்தத்தான் சொன்னார்கள். ஒருவரும் கீழே படுத்துப் பார்க்கவில்லை.

இரண்டு பேர், பத்து நிமிஷம்

வண்டியை வெளியில், சமமான தரையில் விடுங்கோ. சில்லுகள் நிலத்திலேயே இருக்கட்டும். ஹாண்ட்பிரேக் போட்டு, கியரைப் பார்க்கில் வைத்து, பின் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கோ. எஞ்சின் ஓட, ஒருவர் ஸ்டியரிங்கைச் சின்னதாக இடம் வலம் ஆட்ட வேணும். மற்றவர் கீழே டோர்ச் அடித்துப் பார்க்க வேணும், கை வைக்கக் கூடாது. கையிலிருந்து சில்லு வரை வரிசையாகப் பாருங்கோ:

1. ஸ்டியரிங் தண்டின் ஜாயிண்ட்: மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே நேரத்தில் திரும்ப வேணும்.
2. ஸ்டியரிங் பாக்ஸ்: பெட்டியே அசையக் கூடாது. எக்ஸ்ஜேயில் அது போல்ட் பண்ணியிருக்கிற இடத்தில் தகடு வெடிப்பது தெரிந்த பிரச்சினை. கவனமாகப் பாருங்கோ.
3. ட்ராக் லிங்க், டை ராட் முனைகள்: ஒரு பக்கம் அசைந்த பிறகு மற்றது பிந்தி அசைந்தால் அந்த முனை தேய்ந்துவிட்டது.
4. ட்ராக் பார்: அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிற தடி. ஒரு முனை பாடியில், மற்றது அச்சில். இரண்டு முனையிலும் லூஸ் துளியும் இருக்கக் கூடாது.

என் ஜீப்பில் அப்பா ஸ்டியரிங்கைப் பிடிக்க, நான் கீழே படுத்தேன்.

"என்ன பிள்ளை, எங்க ஆடுது?"

"ட்ராக் பார், அப்பா. அச்சுப் பக்கத்து முனை. நிப்பாட்டுங்கோ."

புஷ் ரப்பர் கிழிந்து, போல்ட் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அங்கும் இங்கும் தட்டிக்கொண்டிருந்தது.

பிறகு முன் பக்கத்தை உயர்த்தி ஜாக் ஸ்டாண்டில் வையுங்கோ. வெறும் ஜாக்கை நம்ப வேண்டாம். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கோ. லூஸ் தெரிந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட்.

திருத்தும்போது

- ட்ராக் பார் போல்ட்டைக் கழற்றினதும் ஓட்டையைப் பாருங்கோ. அது முட்டை வடிவமாகியிருந்தால் புது புஷ் போட்டும் பிரயோசனமில்லை. முதலில் ஓட்டையைச் சரி செய்ய வேணும்.
- புஷ் உள்ள போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது வண்டி தன் சில்லில் நிற்கும்போதுதான். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகிக் கெதியில் கிழியும். எவ்வளவு இறுக்கம் எண்டது சர்வீஸ் மனுவலில் இருக்கு.
- டை ராட் முனை மாற்றினால் அலைன்மெண்ட் கட்டாயம்.
- ஸ்டியரிங் பாக்ஸில் இருக்கிற ஸ்க்ரூவை இறுக்கி மற்ற இடத்து லூஸை மறைக்காதீங்கோ. அளவுக்கு மேல் இறுக்கினால் திருப்பத்துக்குப் பிறகு ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது.
- கடைசியில் டயர் பாலன்ஸ். டாம்பர் எண்ணெய் கசிந்தால் அப்போது மாத்துங்கோ.

ஒன்ராறியோவில் பழைய வண்டி பல "ஆஸ் இஸ்" எண்டு, சேஃப்டி எடுக்காமல் விற்கப்படுது. அப்படி ஒன்றைப் பார்க்கப் போனால் தனியாகப் போகாதீங்கோ. ஸ்டியரிங்கை ஆட்ட ஒரு ஆள் வேணும். அப்பாவோ, மச்சானோ, ஆராவது. காசு கொடுக்க முன்னம் அந்தப் பத்து நிமிஷத்தைக் கேளுங்கோ. விற்கிறவர் விடமாட்டன் எண்டால் திரும்பி வாங்கோ.

அடுத்த எபிசோட்டில் துரு. கேள்விகளை வொய்ஸ் நோட்டாக அனுப்புங்கோ, கீழே படுத்து எடுத்த வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.